எச்சமறிந்து வெட்டுதல்

கைத்தொழில்கள் இருதிறப்படும். கூட்டிச் செய்வன ஒருதிறம். குறைத்துச் செய்வன மற்றொரு திறம். நெய்வார் இழையோடு இழையைக் கூட்டுகின்றனர். குயவர் மண்ணோடு மண்ணைச் சேர்க்கின்றனர். கொற்றர் கல்லின்மேற் கல்லை அடுக்குகின்றனர். இவர்தம் வேலையிற் பிழை நேரின் அவிழ்த்தோ, குழைத்தோ, இடித்தோ மீளவும் செய்துகொள்ளலாம். தச்சர், தையற்காரர், தகடு வெட்டுவோர், கண்ணாடி அறுப்போர், காகிதம் தறிப்போர் ஆகிய இவர்களின் நிலையோ அத்தகையதன்று. வாளும் கத்தரியும் ஒருமுறை சென்றபின் அவ்வழி திரும்பிவாரா. நம் முன்னோர் இதனை நன்கறிந்தே பொருளுக்குப் பெயரும் இட்டனர் போலும். துணித்து எடுக்கப்படுவது துணி, துண்டித்தது துண்டு, அறுத்தெடுப்பது அறுவை. சங்கப் புலவருள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பார் ஒருவர் உளர். அறுவை வாணிகன் என்றது துணி விற்போன் என்றவாறு. பள்ளி மாணாக்கர் இக்காலத்துச் சலிப்பூட்டும் பேச்சை 'அறுவை' என்கின்றனர். அஃது யாம் ஈண்டு ஆராயும் பொருளன்று.

வெட்டும் தொழிலில் வேண்டிய துண்டைப் பெறுதல் எளிது. வேண்டாத துண்டு எவ்வடிவினதாய் எஞ்சுகின்றது என்பதைப் பார்த்து வெட்டுதலே அரிது. இவ்வரிய பகுதி கைத்தொழிலாளரின் மனக்கணக்காயிருந்த நிலைமாறி ஒரு கணித நூலாக வளர்ந்த வரலாற்றினையே இக்கட்டுரையில் எழுதப் புகுகின்றோம். நம் சங்கத்துக் குடும்பங்களில் பட்டறை வைத்திருப்போரும், கணக்கிற் பழகும் இளைஞரும் உளராதலின், இருசாராருக்கும் இது பயன்படும் என எண்ணுகின்றோம்.

முதற்கண் செய்தியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதும். கடையில் விற்கும் பிளைவுட் பலகை 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. அஃதாவது ஏறத்தாழ 244 சென்டிமீட்டருக்கு 122. இதிலிருந்து 90-க்கு 40 அளவில் ஆறு தட்டுக்கள் வேண்டும் என்க. இரம்பம் செல்லும் வழியிற் பொடியாய்ப் போவது ஒரு வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். ஒருவர் முதலிற் பலகையை நீளவாட்டிற் கிழிக்கின்றார். 40 அகலத்தில் மூன்று பட்டைகள் கிடைக்கின்றன. ஓரத்தில் விரற்கடை அகலமும் இல்லாத ஒரு சிம்பு விழுகின்றது. பின்னர் ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு தட்டுக்களை அறுத்தெடுக்கின்றார். தட்டு ஆறும் வந்தன. எஞ்சியவை 63.4-க்கு 40 அளவில் மூன்று துண்டுகள். மற்றொருவர் முதல் வெட்டைக் குறுக்கே போடுகின்றார். 90-இல் ஒன்று, அடுத்த 90-இல் ஒன்று. எஞ்சியது 63.4-க்கு 122 அளவுள்ள ஒரே பலகை. பிறகு அவ்விரண்டு 90-களையும் மும்மூன்றாகப் பகுக்கின்றார். இவருக்கும் தட்டு ஆறே. பரப்பளவைக் கூட்டிப் பார்ப்பார்க்கு இருவர் எச்சமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் இரண்டாமவரின் எச்சத்திலிருந்து, நாளை வேண்டுமாயின், முதலாமவரின் மூன்று துண்டுகளையும் அறுத்துக்கொள்ளலாம். முதலாமவரின் மூன்று துண்டுகளைக்கொண்டு இரண்டாமவரின் பலகையை ஆக்கல் இயலாது. வேறுபாடு முழுவதும் முதல் வெட்டின் திசையில் அடங்கிற்று.

இவ்விருவரும் போட்ட வெட்டுக்கள் ஓர் ஓரத்திற் புகுந்து எதிரோரத்தில் வெளிப்படுவன. மேசை இரம்பத்துக்கும், கண்ணாடி கீறும் வைரமுனைக்கும், காகிதம் தறிக்கும் எந்திரத்துக்கும் இயல்பான வெட்டு இதுவேயாம். பிரெஞ்சு நாட்டுத் தலைவெட்டுக் கருவியின் பெயரால் இதனைக் கில்லட்டின் வெட்டு என வழங்குவர். பாதிவழியில் நின்று திரும்புதல் இதற்கு ஒவ்வாது. ஆதலின் வெட்டின் வரிசையே எச்சத்தின் வடிவை வரையறுக்கின்றது. மேற்பூச்சு ரேகையுடைய பலகையாயின் கதவுகளிலெல்லாம் ரேகை ஒருதிசையே ஓடவேண்டும் என்னும் கட்டுப்பாடும் சேரும். அப்பொழுது துண்டைத் திருப்பி வைத்து இடம் மிச்சம்பிடித்தலும் இயலாதாகும்.

எச்சம் என்னும் சொல்லை யாம் வேண்டுமென்றே ஆள்கின்றோம். இலக்கணத்துப் பெயரெச்சமும் வினையெச்சமும் தாமே முற்றுப்பெறாது நிற்பன. கொண்டு முடியும் சொல் வரும்போது பொருள் நிரம்புவன. பட்டறையின் எச்சமும் அத்தகையதே. கொண்டு முடிக்கும் வேலை உளதாயின் அஃது எச்சம். இலதாயின் வெறுங் குப்பை.

எச்சத்தை முன்னரே எண்ணி வடிவமைத்த பழைய முயற்சிகளுட் சிறந்ததொன்று காகிதத்திற் காணப்படுகின்றது. ஜெர்மனியிலே கெட்டிங்கன் நகரத்துப் பேராசிரியராயிருந்த லிக்டன்பர்க் என்பார் 1786-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் தம் நண்பர் பெக்மன் என்பார்க்கு ஒரு கடிதம் எழுதினார். நடுவே மடித்து வெட்டினாலும் முழுத்தாளின் உருவமே பாதித்தாளுக்கும் அமையும் தாள் எது என்பது அக்கடிதத்திற் கண்ட கணக்கு. விடை யாதெனின், அகலம் 1 ஆனால் நீளம் 2-இன் வர்க்கமூலம், அஃதாவது 1.414 அளவினதாதல் வேண்டும். வேறெவ்விகிதத்திலும் இது நிகழாது. நம் 8 அடிப் பலகையைப் பாதியாக்கின் சதுரம் வரும். அச்சதுரத்தைப் பாதியாக்கின் மறுபடியும் நீளம் அகலத்தின் இருமடங்காய் நிற்கும். இங்ஙனம் ஒன்றுவிட்டு ஒன்றாகவே உருவம் மீளும். 1798-இல் பிரெஞ்சு நாட்டு முத்திரைத்தாட் சட்டத்தில் இவ்விகிதத் தாள்கள் சில இடம்பெற்றன. பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன. 1922-இல் வால்ட்டர் போர்ஸ்ட்மன் என்பார் முயற்சியால் ஜெர்மானியத் தரநிர்ணயமாக வெளிவந்தன. நம் மாணாக்கர் இன்று கையாளும் ஏ-4 தாள் அவ்வழி வந்ததே. ஒரு சதுரமீட்டர்ப் பரப்புடைய ஏ-0 தாளை நான்குமுறை பாதியாக்கினால் 16 தாள்களாகும், துளியும் கழிவில்லை, ஒவ்வொன்றும் 210-க்கு 297 மில்லிமீட்டர். இங்கே எச்சமென ஒன்று பிறக்கவே வழியில்லை. பாதியும் தாள், மற்றைப் பாதியும் தாள்.

ஆயினும் இஃது வெட்டுவோர் அளவையெல்லாம் தாமே வகுத்துக்கொள்ளும் இடத்தில்தான் செல்லும். தொழிற்சாலையின் நிலை வேறு. பொருள் ஓரளவில் வருகின்றது, வேண்டும் துண்டுகள் வேறுவேறு அளவின, தொகையும் வேறுவேறு. அவ்விடத்துக்கு வழிகண்டவர் லெனின்கிராடு நகரத்துக் கணிதப் பேராசிரியர் லியோனிட் கந்தரோவிச் ஆவர்.

கந்தரோவிச் 1912-இல் அந்நகரிற் பிறந்தவர். அப்பொழுது அதன் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1926-இல், தம் 14-ஆம் வயதிலேயே, பல்கலைக்கழகம் புக்கார். 22-ஆம் வயதிற் பேராசிரியரானார். தூய கணிதத்திற் பெயர்பெற்ற இவரிடத்து 1938-இல் ஒட்டுப்பலகைத் தொழிற்குழுவின் ஆய்வுக்கூடத்தார் ஒரு வினாவோடு வந்தனர். ஒட்டுப்பலகை செய்வதற்கு மரத்தை முதலில் மென்றகடாக உரிக்க வேண்டும். ஊறவைத்த உருளைமரத்தைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றிச் சுழற்றி, நீண்ட கத்தியை அணைத்தால், சுருட்டிய பாய் விரிவது போல மரம் தகடாய் விரியும். அவர்கள் கணக்கில் உரிக்கும் எந்திரம் 8, மரவகை 5. ஒவ்வோர் எந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு விரைவில் உரிக்கும். குறித்த வீதத்தில் ஐவகை மரமும் உரிபட வேண்டும்; மொத்தம் மிகுதியாகவும் வேண்டும். எந்த எந்திரத்துக்கு எந்த மரத்தை எவ்வளவு நேரம் கொடுப்பது? இதுவே வினா.

பழைய முறையிற் சமன்பாடு போட்டு ஒவ்வொன்றாய்ச் சோதிக்கப் புகின் கோடிக்கணக்கான சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்க நேரும். ஒரு மனிதர் ஆயுள் போதாது. கந்தரோவிச் வேறுவழி கண்டார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மதிப்பெண் இட்டு, அம்மதிப்பெண்ணைச் சிறிதுசிறிதாகத் திருத்திச் சென்றால், எது எங்கே செல்லவேண்டும் என்பது தானே வெளிப்படும் என்றார். அவ்வெண்களுக்குத் 'தீர்வுப் பெருக்கிகள்' எனப் பெயரிட்டார். 1939-ஆம் ஆண்டு மே மாதம் இதுபற்றிச் சொற்பொழிவாற்றி, அவ்வாண்டிலேயே சிறுநூலாகவும் வெளியிட்டார். நூலின் பெயர், உற்பத்தியை ஒழுங்குபடுத்தற்கும் திட்டமிடற்கும் உரிய கணிதமுறைகள் என்னும் பொருளது. ஒட்டுப்பலகையிற் றொடங்கிய அந்நூல் எரிபொருட் பங்கீடு, விளைநிலப் பங்கீடு, சரக்குப் போக்குவரவு எனப் பலவற்றையும் ஒரே கணக்கின் பல வேடங்களாகக் காட்டிற்று. வெட்டுங்காற் கழிவைக் குறைத்தல் அவற்றுள் ஒன்று.

இத்துறைப் பாடநூல்களில் வழங்கிவரும் ஒரு கணக்கால் அம்முறையை நம் அன்பர்க்குக் காட்டுதும். பொறுமையோடு உடன்வருவார்க்குக் கூட்டலும் பெருக்கலும் அன்றி வேறொன்றும் தேவையில்லை.

7.4 மீட்டர் நீளமுள்ள சட்டங்கள் உள்ளன. 2.9, 2.1, 1.5 மீட்டர் நீளத்தில் மூன்று துண்டுகள் சேர்ந்தது ஒரு தொகுதி. இத்தகைய தொகுதி 100 வேண்டும். எத்தனை சட்டங்கள் வேண்டும்? யாரும் முதலில் எண்ணுவது, ஒரு சட்டத்துக்கு ஒரு தொகுதி என்பதே. மூன்றையும் கூட்டினால் 6.5, எஞ்சுவது 0.9. நூறு தொகுதிக்கு 100 சட்டங்கள். கழிவு 90 மீட்டர். நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல். இனி வேறுவகையாக வெட்டிப் பார்ப்போம். 2.9 ஒன்றும் 1.5 மூன்றும் சேர்ந்தால் சரியாக 7.4. 2.9 இரண்டும் 1.5 ஒன்றும் 7.3. 2.9 ஒன்றும் 2.1 இரண்டும் 7.1. முதல் வகையில் 30 சட்டம், இரண்டாம் வகையில் 10, மூன்றாம் வகையில் 50 எனப் பிரித்து வெட்டினால், ஒவ்வொரு நீளத்திலும் 100 துண்டுகள் கிடைப்பதை எண்ணிக் காண்க. செலவானவை 90 சட்டங்களே. கழிவு 16 மீட்டர்.

நன்று, 89-ஆற் செய்யலாகாதா என ஒருவர் வினவலாம். ஆகாது என்பதனை அறிவிப்பதே அம்மதிப்பெண்களின் திறம். ஒரு முழுச்சட்டத்தின் விலை 10 பணம் எனவும், 2.9 துண்டு 4 பணம், 2.1 துண்டு 3 பணம், 1.5 துண்டு 2 பணம் எனவும் கொள்வோம். 7.4 மீட்டரை எவ்வகையால் வெட்டினும் கிடைக்கும் துண்டுகளின் மொத்த விலை 10-ஐத் தாண்டுவதில்லை. மேலே கண்ட மூன்று வகையும் சரியாகப் பத்து. 2.1 மூன்று வெட்டினால் 9. 1.5 நான்கு வெட்டினால் 8. ஒரு சட்டத்துக்கு ஒரு தொகுதி என்னும் முதல் எண்ணமோ 4, 3, 2 சேர்ந்து 9. ஒரு தொகுதியின் விலை 9 எனின், 100 தொகுதியின் விலை 900. ஒரு சட்டம் 10-க்குமேல் ஈனாதெனின் 90 சட்டங்களுக்குக் குறைந்து அதனைப் பெறுதல் யார்க்கும் இயலாது. முடிந்தது வழக்கு. இவ்வளவு பெரிய உறுதியை இவ்வளவு சிறிய எண்கள் தருவதை எண்ணுந்தோறும் யாம் வியக்கின்றோம். வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதிக்காட்டினால், இலக்கண வகுப்பில் உறங்கும் பிள்ளைகளும் இதற்கு விழித்துக்கொள்கின்றனர்.

இவ்விலைகள் சந்தையில் யாரோ சொன்னவை அல்ல. துண்டின் நீளத்துக்கு நேராக அமைந்தவையும் அல்ல. வேலையின் தேவையும் சட்டத்தின் நீளமும் கூடிப் பிறப்பித்தவை. அருமைப்பாட்டிற் பிறந்த விலை என்னும் இக்கருத்தே கந்தரோவிச்சுக்குத் தம் நாட்டில் இடுக்கண் விளைத்தது. பொருளின் மதிப்பு அதற்குச் செலவான உழைப்பினின்றே வரும் என்பது அங்கே அரசு ஒப்பிய கொள்கை. 1942-இல் அவர் தம் முறையை நாட்டின் பொருளியல் முழுமைக்கும் விரித்து எழுதிய நூல் திட்டக்குழுவினரால் ஏற்கப்படாது போயிற்று, 1959-இலேயே அச்சேறிற்று. பதினேழாண்டு பெட்டியிற் கிடந்த அந்நூலை நோக்க, ஒட்டுப்பலகை எச்சம் எவ்வளவோ நற்பேறு உடையது.

போர் முடிந்தபின், 1948-49-இல், கந்தரோவிச் லெனின்கிராடு எகோரொவ் இரயில்வண்டித் தொழிற்சாலையில் இம்முறையைச் செயற்படுத்தினார். உடனிருந்து உழைத்தவர் விக்டர் சல்கல்லர் என்னும் இளைஞர். 1920-இற் பிறந்தவர், மாணாக்கராயிருந்தபோதே போர்க்களம் புகுந்து மீண்டவர், பின்னாளிற் பெரிய வடிவியல் அறிஞரானவர். வண்டி கட்டுவதற்கு இரும்புத்தகடும் சட்டமும் பல நீளத்தில், பல வடிவில், பல நூறு வேண்டியிருந்தன. கணிப்பொறி எட்டாத காலம். எல்லாம் கையாற் போட்ட கணக்கே. இவ்வனுபவத்தைக்கொண்டு இருவரும் சேர்ந்து தொழிற்பொருள்களைத் திறம்பட வெட்டுதல்பற்றி 1951-இல் ஒரு நூல் வெளியிட்டனர். கையாலும் அளவுகோலாலும் கணக்கிடும் வழிகள் அதன்கண் விளக்கப்பட்டன. 1971-இல் இரண்டாம் பதிப்பும் வந்தது.

அத்தொழிற்சாலையில் நிகழ்ந்ததாக அவர்களோடு பழகியோர் சொல்லிவந்த செய்தி ஒன்று நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. தகடுகள் திறம்பட வெட்டப்பட்டமையாற் கழிவிரும்பு குறைந்தது. மகிழவேண்டிய இடமன்றோ? ஆனால் தொழிற்சாலை ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் இவ்வளவு கழிவிரும்பை உருக்காலைக்கு அனுப்புதல் வேண்டும் என்பதும் அந்நாட்டுத் திட்டத்தில் ஒரு கூறாகும். உருக்குலைகளுக்குக் கழிவிரும்பு உணவு. வண்டித் தொழிற்சாலை வண்டிகளைக் குறைவின்றிச் செய்தது; கழிவைத்தான் கொடுக்க இயலவில்லை. அதனால் திட்டம் நிறைவேற்றாத ஆலை எனக் குறை கூறப்பட்டதாம். மற்றோர் இடர்ப்பாடும் இருந்தது. சென்ற ஆண்டினும் இவ்வாண்டு இத்துணை முன்னேறுக என்பது மேலிடத்து விதி. பொருளிற் பெரும்பகுதியும் பயனாகிவிட்ட பிறகு இன்னும் முன்னேறுவது எங்ஙனம்? நூற்றுக்கு நூறைத் தாண்டி எவர் வெட்டவல்லார்?

இதனை ஒரு நாட்டு அரசின் மூடத்தனம் என்று நகைத்துவிட்டுச் செல்லுதல் எளிது. யாம் அங்ஙனம் கருதவில்லை. உருக்காலைக்குக் கழிவு உண்மையாகவே வேண்டியிருந்தது. வண்டி ஆலைக்குத் தகடு உண்மையாகவே வேண்டியிருந்தது. ஒருவர்க்குக் குப்பையாயிருந்தது மற்றொருவர்க்கு மூலப்பொருள். பிழை எங்கெனின், நல்ல தகடாய் ஆலைக்குள் வந்த இரும்பை நறுக்கி மீண்டும் உலைக்கு அனுப்புதலும் ஒரு வேலையாக எண்ணிக் கணக்கில் ஏற்றியமையே. உருக்கி மீண்டும் தகடாக்கும் செலவை அக்கணக்கு காணவில்லை. எச்சத்துக்கு எடையுண்டு, விலை இல்லை.

நம் சட்டக்கணக்குக்கே இதனைப் பொருத்திப் பார்க்கலாம். 'மூடர் வழி' என யாம் தள்ளிய முதல் எண்ணத்தில் எஞ்சியவை 90 சென்டிமீட்டரில் 100 துண்டுகள் அல்லவா? அவை குப்பை என்பது யார் தீர்ப்பு? அத்துண்டுக்கு ஒரு பணம் தரும் ஒருவர் இருப்பாராயின், 100 சட்டத்துக்கு ஆன 1000 பணத்தில் 100 திரும்பிவரும், செலவு 900, அறிவர் வழியும் மூடர் வழியும் சமனாய்விடும். ஒரு பணத்துக்கு மேற் கொடுப்பாராயின் மூடரே மேம்பட்டவராவர். அடுத்த மாதம் 90 சென்டிமீட்டரிற் கால்கள் வைத்த நூறு முக்காலிகள் செய்ய உடன்பட்டிருக்கும் பட்டறைக்காரர் அக்கணக்கைத் திருப்பிப் போடக் கடமைப்பட்டவர். 2.9, 2.1, 1.5, 0.9 நான்கும் சேர்ந்தால் 7.4, ஒரு துளியும் வீணில்லை.

அமெரிக்க நாட்டார் இத்துறைக்கு வேறுவழியாக வந்து சேர்ந்தனர். 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் என்பார் இவ்வகைக் கணக்கைத் தீர்க்கும் பொதுமுறை ஒன்றை வகுத்தார். கந்தரோவிச்சின் 1939 நூலோ 1960-இலேயே ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1961-இலும் 1963-இலும் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த கில்மோர், கோமோரி என்னும் இருவர் எழுதிய கட்டுரைகள் வெட்டுக்கணக்கிற் பெருந்திருப்பம் விளைத்தன. நம் சட்டத்தில் மிகுதியாக வெட்டும் வகைகள் எட்டே; எழுதி வைத்து ஒவ்வொன்றாய்ப் பார்க்கலாம். காகித ஆலையில் அகன்ற சுருளைப் பல அகலங்களில் அறுக்குமிடத்து வகைகள் இலட்சக் கணக்கினவாய்ப் பெருகும். எழுதவும் ஏடு போதாது. அவ்விருவரும், எல்லா வகையையும் எழுதவேண்டா, சில வகைகளோடு தொடங்கி, அவை தரும் விலைகளைக் கண்டு, அவ்விலையிற் பத்துப் பணத்தை விஞ்சும் புதுவகை ஒன்று உண்டா என்று மட்டும் தேடுக, இருந்தாற் சேர்த்துக்கொள்க, இல்லையேல் நின்றுவிடுக என்றனர். 1965-இல் நீள அகலம் இரண்டுமுடைய தகடுகளுக்கும் இதனை விரித்தனர்; அங்கேதான் முதலில் நீளவாட்டு, பின்னர்க் குறுக்குவாட்டு என்னும் படிமுறை வெட்டு கணிதத்துக்குள் முறையாக நுழைந்தது. நம் பலகைக்காரர் இருவரின் வழக்கும் இதனுள் அடங்கும்.

கந்தரோவிச் 1975-இல் கூப்மன்ஸ் என்பாரோடு பொருளியலுக்கான நோபெல் நினைவுப் பரிசைப் பெற்றார், 1986-இல் மறைந்தார். சல்கல்லர் 2020-இல், நூறாண்டு நிறையச் சில திங்களே இருக்கும்போது காலமானார்.

இன்று மரக்கடைகளிலும் தகட்டுப் பட்டறைகளிலும் கணிப்பொறியே வெட்டுப்படம் வரைந்து தருகின்றது. ஆயினும் அதற்கு நாம் சொல்லாததை அது அறியாது. கழிவு குறைக என்று மட்டும் சொன்னால், பரப்பைக் குறைத்து, எஞ்சியதைச் சிம்புசிம்பாகச் சிதறவிட்ட படத்தையும் அது நல்லதென்றே தரும். இக்குறையை உணர்ந்த பிற்கால ஆய்வாளர், குறித்த அளவுக்கு மேற்பட்ட மீதத்தைக் கிடங்கிற் சேர்ப்பது, குறைந்ததைக் கழிவென எழுதுவது எனக் கணக்கை இரண்டாகப் பிரித்தனர். சிறிய மீதம் பலவற்றினும் பெரிய மீதம் ஒன்று வருமாறு வெட்டுக எனவும் விதித்தனர். பட்டறையில் முதியோர் துண்டுப் பலகையின் விளிம்பிற் சுண்ணக்கட்டியால் அளவெழுதிச் சுவரில் நிமிர்த்திச் சார்த்தி வைப்பதும் இக்கிடங்கே. அளவு எழுதாத துண்டைத் தேடி அளக்கும் நேரத்தில், வேலையாள் புதுப்பலகையையே எடுத்துவிடுவான்.

சட்டக்கணக்கில் யாம் சொல்லாது விட்டது ஒன்று உண்டு. 90 சட்டங்களால் முடிக்க வேறொரு வழியும் இருக்கின்றது. 2.9 இரண்டும் 1.5 ஒன்றுமாக 40 சட்டம், 2.1 இரண்டும் 1.5 இரண்டுமாக 30 சட்டம், 2.9 ஒன்றும் 2.1 இரண்டுமாக 20 சட்டம். துண்டுகள் எல்லாம் நூறு நூறு. கழிவும் அதே 16 மீட்டர். கணிதநூல் இரண்டையும் ஒப்ப மதிக்கும். எஞ்சிய கட்டைகளை எண்ணிப் பார்த்தாலோ முன்னதில் 30 சென்டிமீட்டர்க் கட்டை 50-உம், 10 சென்டிமீட்டர்க் கட்டை 10-உம் கிடக்கும். பின்னதில் 30-இல் 20, 20-இல் 30, 10-இல் 40 எனச் சிதறிக் கிடக்கும். ஓரடிக் கட்டைக்கு வேலையுள்ள பட்டறை முன்னதைக் கொள்ளும். ஆப்புச் செதுக்கும் பட்டறைக்குப் பின்னதும் ஆகும்.